பாதிக் கௌதாரி

நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் நடக்கப்போகும் கதை இது, நடந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொதிகை மலையடிவாரத்து ஆய்வுக்கூடத்தில் தில்லைநாயகி என்றொரு விஞ்ஞானி இருந்தாள். பூண்டோடு அழிந்துபோன செம்பிடரிக் கௌதாரியை, அருங்காட்சியகத்தில் கிடந்த ஒற்றை இறகிலிருந்து மறுபடி உண்டாக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். தலை நரைக்கும்வரை பாடுபட்டு ஒரு குஞ்சைக் கருவியில் பொரிக்கவும் வைத்துவிட்டாள். ஆனால் அது, புல்லில் விழுந்த பருந்தின் நிழலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. பயப்படுவதற்கு இறகில் எங்கே பாடம் இருக்கிறது?

மிஞ்சியது ஒரே முட்டை. அதைப் பொத்தி எடுத்துக்கொண்டு, அடைக்கோழி வைத்திருந்த பேச்சியம்மாளிடம் போனாள்.

"பங்கு வாரத்துக்குத்தான் வைப்பேன், டாக்டரம்மா. கோழி என்னுது, முட்டை உங்களுது. பொரிச்சு வளந்ததுல பாதி எனக்கு. ஊரு வழக்கம்."

"சரி, பாதி உங்களுக்கு" என்று அவசரத்தில் வாக்குக் கொடுத்தாள் தில்லைநாயகி. ஒரே முட்டையில் பாதிக் குஞ்சுக்கு எங்கே போவது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

குஞ்சு பொரிந்தது. கோழியைப் பார்த்து மண்ணைக் கிளறியது. வானத்தில் நிழல் ஆடினால் கோழி குரல் கொடுக்கும். குஞ்சு ஓடிவந்து சிறகுக்குள் புகுந்துகொள்ளும். பிடரியில் சிவப்பு ஏறியபிறகு ஒருநாள், கோழி அதைக் கொத்தி விரட்டியது. கிட்டே வந்தபோதெல்லாம் துரத்தியது.

வழக்கு அன்றே தொடங்கியது. "என் கோழி வளத்தது, என் முற்றத்துலயே கெடக்கட்டும். நீங்க வந்து வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் பேச்சியம்மாள். கூண்டில் வைத்துக் காக்க வேண்டும் என்றாள் தில்லைநாயகி. உலகத்தில் இது ஒன்றுதான். இதுவும் போனால் தன் ஆயுளே வீண் என்று அவள் பயந்தாள். வனக்காவலர் சவரிமுத்து மட்டும் காட்டில் விடச் சொன்னார்.

"தனியாகக் கிடந்து செத்துப்போகும், சவரிமுத்து."

"இங்க மட்டும் ஜோடியோடயா இருக்கு? கண்ணாடிப் பெட்டியில ஒரு இறகு கெடந்துச்சு. கூண்டுல போட்டா முழுப் பறவையாக் கெடக்கும். அவ்வளவுதாம்மா வித்தியாசம்."

கேட்பவர்களே, கௌதாரியை வைத்த கூடை இப்போது தில்லைநாயகியின் கையில் இருக்கிறது. கொடுத்த வாக்கும் பொய்க்கக் கூடாது, பறவையும் பறவையாக வாழ வேண்டும். மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சவரிமுத்து சொன்னதே சரி. உண்மையில் வளர்த்தது கோழி. அது தன் தீர்ப்பை முன்பே சொல்லிவிட்டது. தாய்க்கோழி குஞ்சைக் கொத்தி விரட்டுவது கோபத்தால் அல்ல, இனி அது தானே பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான். தில்லைநாயகி கூடையைத் திறந்தாள். கௌதாரி புல்லில் இறங்கியது. மேலே பருந்து வட்டமிட்டது. நிழல் விழுந்ததும் கௌதாரி சட்டென்று புதருக்குள் பதுங்கியது. பருந்து போனபின் எழும்பிக் காட்டுக்குள் பறந்தது. தில்லைநாயகி அழுதுவிட்டாள். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பறந்தது உங்க பாதி, டாக்டரம்மா. பதுங்குச்சே, அது என் பாதி. வாரம் தீந்துச்சு."