எத்தனை வருஷம் ஓடும்?

அன்றைக்கு நாகலிங்கம் மலையேறியது தனக்குச் சொந்தமில்லாத காரில். விற்கிறவர் சாவியைக் கையில் கொடுத்து, "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விடுங்க சார். பிடிச்சா உங்களுது, இல்லேன்னா என்னுது" என்று சொல்லியிருந்தார்.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் வண்டி. இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய உடம்பு அதற்கு. ஸ்டியரிங்குக்கு எதிரே பேட்டரியின் படம் கோடு கோடாக மின்னிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அவர் பாதையைக் கொஞ்சமும் அந்தப் படத்தை நிறையவும் பார்த்தார்.

"வண்டியை நீங்க ஓட்டுறீங்களா, அந்தப் படம் ஓட்டுதா?" என்று பின்சீட்டிலிருந்து அவர் மனைவி கோதை கேட்டாள்.

"ஏறும்போதே கோடு குறையுது பாரு" என்றார். அதற்குப் பிறகு பின்னால் பேச்சில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மலைமேல் ஒரு ஓட்டு வீட்டில் மங்கையம்மா இருந்தார். நாகலிங்கத்தைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எதைக் கேட்பதானாலும் நாகலிங்கம் இங்கே வந்துதான் கேட்பார். மங்கையம்மாவிடம் பதில் வாங்கிக்கொண்டு இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. ஒருதரம் வந்தவர்கள் மறுபடி வராமல் இருந்ததும் இல்லை.

வாசலில் சாக்கு விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி வந்ததே தெரியலையே ஐயா."

"அதுதாம்மா எனக்கும் பயம். சத்தமே இல்லை. பேசாத ஆளை எப்படி நம்புறது?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பேசாமத்தான் உக்காந்துட்டுப் போறீங்க. உங்களை நான் நம்பலையா?"

நாகலிங்கம் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"கோதைக்காகத்தானே?"

"ஆமா."

கோதைக்கு வாரம் மூன்று நாள் டவுனில் டயாலிசிஸ். போகும்போது பஸ் பரவாயில்லை. முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் அவளுக்கு உயிர் போய் வரும். கடைசியாகப் போன அன்று பஸ் படியில் கால் வைத்தவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் யாரோ தூக்கிவிட்டார்கள். "இனிமே நான் வரலைங்க" என்றாள். அந்தச் சொல்லை அவள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. நாளைக்கு மறுபடி போகவேண்டிய நாள்.

"அப்புறம் என்ன யோசனை?" என்றார் மங்கையம்மா.

"பேட்டரிம்மா. அது போச்சுன்னா வண்டி வெறும் தகரக் கொட்டகை. இன்னொண்ணு வாங்க எனக்கு வழியில்லை. மூணு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"எத்தனை வருஷம் ஓடும்னு."

"என்ன சொன்னாங்க?"

"மூணு பேரும் ஒரே பாட்டு. 'அதை யார் சார் சொல்ல முடியும், பதமா வச்சுக்கிட்டா ஓடும்.' அதுல ஒருத்தன், 'எங்கப்பாருக்கே எத்தனை வருஷம்னு தெரியலை, இதுக்குச் சொல்லச் சொல்றீங்களே'ன்னு கிண்டல் வேற பண்றான். இதெல்லாம் ஒரு பதிலா?"

மங்கையம்மா மிளகைக் கையால் பரத்திவிட்டார்.

"இதே கேள்வியை வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கீங்களா?"

"வேற யார்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. கோதைக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அந்த மனிதர் சொன்னது.

"டாக்டர்கிட்ட."

"அவர் என்ன சொன்னார்?"

"அவரும் அதைத்தாம்மா சொன்னார். யார் சொல்ல முடியும்னு."

மங்கையம்மா எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு கார் பக்கம் நடந்தார். "கோதை இறங்கவே இல்லையே" என்றார்.

"கூப்பிடறேன், இருங்க."

"வேண்டாம்."

கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தார்கள். கோதை தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வருகிற கைகள் இரண்டும் மல்லாந்து கிடந்தன.

"எப்பலேர்ந்து தூங்குறா?"

"தெரியலையே."

பேட்டரிப் படத்தில் எந்த வளைவில் எந்தக் கோடு குறைந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இது அவருக்குத் தெரியவில்லை.

அவள் மடியில் ஒரு துணிப்பை. அதன் வாய் நெகிழ்ந்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?" என்று கேட்டார் மங்கையம்மா.

"நான் வாங்கலைம்மா. அவ கொண்டு வந்திருப்பா. ஊறுகாய்க்கு இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஊறுகாயைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி எவ்வளவோ நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் ஜாடியே இல்லை. கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து பார்த்தார். நாலு பழம். புதுசாக வண்டி வாங்குகிறவர்கள் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புகிற நாலு பழம்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். தூங்குகிறவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நடுவழியில நின்னுட்டா, அம்மா?"

மங்கையம்மாவும் அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நின்னா, நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"