வளைவின் தகுதி

திருமேனி சாலைப் பொறியாளர். ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய குருவோ அவரைவிட வயதில் இளையவர். ஊருக்கு வெளியே, சாலையோரக் கொட்டகையில் வாழ்ந்த பெண் துறவி. ஊரார் சாமியம்மா என்பார்கள். தன்னைவிடச் சின்னவளிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிடுவார்.

அன்று வந்த திருமேனி, சாமியம்மா கொடுத்த மோரைக்கூடத் தொடவில்லை.

"முகமே சரியில்லையே, ஐயா. என்ன ஆச்சு?"

"பக்கத்துச் சாலை வளைவு விஷயமா ஊர்ச் சனங்க வந்தாங்க சாமி. பிள்ளைங்க அது வழியாத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடக்குதுங்க. ஒதுங்க இடமில்ல. கருவேலம் மறைச்சு எதிர்ல வர்ற வண்டியே தெரியாது. ஓரத்தை அகலப்படுத்தி, தடுப்பு போட்டுக் கொடுங்கன்னு கேட்டாங்க. முடியாதுன்னு அனுப்பிட்டேன்."

"பணம் இல்லையா?"

"விபத்துத் தடுப்பு நிதின்னு பணம் வந்திருக்கு. அந்த வளைவுக்குத்தான் தகுதி இல்ல."

சாமியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வளைவுக்கு என்ன தகுதி? பரீட்சை எழுதிப் பாஸாகணுமா?"

திருமேனி சிரிக்கவில்லை.

"உயிர்ச்சேதம் இருந்தாத்தான் அந்த நிதியில சேர்க்க முடியும். இங்க கை கால் முறிஞ்சதோட சரி, யாரும் சாகல. விலக்கு கேட்டு நான் மேலிடத்துக்கு எழுதலாம். எழுதினா குடைஞ்சு குடைஞ்சு கேள்வி கேட்பாங்க. போற காலத்துல எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். ஆனா மனசு கிடந்து அடிச்சுக்குது. நான் செஞ்சது தப்பா சாமி?"

சாமியம்மா எழுந்து வெளியே நடந்தார். திருமேனியும் பின்னாலேயே போனார்.

வளைவு வந்தது. கருவேலம் தார்ச்சாலைமேல் சாய்ந்து கிடந்த இடத்தில், சாமியம்மா சாலையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என்ன சாமி இது? எழுந்திருங்க!"

"தகுதி இல்லன்னீங்களே. வாங்கிக் கொடுத்துட்டுப் போறேன்."

"விளையாடாதீங்க. ஜல்லி லாரி கண்ணுமண்ணு தெரியாம வரும்!"

"வரட்டும். நான் ஒருத்தி போதுமா? போதாதுன்னா நீங்களும் பக்கத்துல உட்காருங்க."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. திருமேனி, செருப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் விழ, வளைவைத் தாண்டி ஓடினார். நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். லாரி டயர் தேய நின்றது.

"யோவ் பெருசு! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" ஓட்டுநர் தலையை நீட்டித் திட்டினார்.

திருமேனி திரும்பி ஓடிவந்து சாமியம்மாவை ஓரத்துக்கு அழைத்துப்போன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. லாரி ஊர்ந்து கடந்து போனது. அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"செத்திருப்பீங்களே சாமி!"

"செத்தேனா?"

"இல்ல."

"பிறகென்ன? சாகாத ஒருத்திக்காக எதுக்கு ஐயா இப்படி விழுந்தடிச்சு ஓடினீங்க?"