ஒரே பக்கம் காலியான இடம்

ஜெசிந்தாவை வேதமாணிக்கம் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடியப்போகும் ஒரு மாலையில். ஜெசிந்தா ஆசிரியை, வேதமாணிக்கம் மாணவர். ஆனால் வயதில் மாணவர்தான் மூத்தவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஜெசிந்தாவின் வழிகாட்டலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தார். மனைவி இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"என்னைப் பார்க்க வந்தீங்களா, என் கையெழுத்துக்கு வந்தீங்களா சார்?"

"ரெண்டுக்கும்தான் மேடம்."

ஆய்வேட்டை ஒப்படைக்க அந்த வாரமே கடைசி. வழிகாட்டி கையெழுத்துப் போடாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் அந்தரத்தில் நிற்கும்.

ஜெசிந்தா பக்கங்களைப் புரட்டினார். ஆக்சைடு பொடி ஒன்றில் யூரோப்பியம் என்ற அரிய உலோகத்தைத் துளி கலந்தால், புற ஊதா விளக்கின் கீழ் அது சிவப்பாக ஒளிரும். எப்படி ஒளிரும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வதுதான் ஆய்வு. வரைபடத்தில் சோதனையில் கிடைத்த கோடும் கணக்கு சொன்ன கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன.

"எனக்கே பொறாமையா இருக்கு. எப்படி இவ்வளவு அழகாப் பொருந்துச்சு?"

வேதமாணிக்கம் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"சொல்லுங்க சார். நோயாளியைக் காக்கவைக்கக் கூடாது."

"கணக்கு ஒளியே வராதுன்னு சொல்லுச்சு மேடம். பொடி என்னடான்னா அப்படிச் சிவக்குது. அதனால நடுவுல ஒரு எண்ணை நானே வெச்சேன்."

"யூரோப்பியத்தை எங்க உட்காரவெச்சீங்க?"

"எல்லாப் பக்கமும் சமமா இருக்கிற இடத்துல. கணக்குப் போட சுலபம்."

ஜெசிந்தா காலியான மருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார்.

"இந்தப் பெட்டிதான் அந்த இடம்னு வெச்சுக்குங்க. எட்டு மூலையிலயும் ஆக்சிஜன் இருக்கணும். நடுவுல யூரோப்பியம்." நேர் எதிரெதிரே இருந்த இரண்டு மூலைகளைக் கட்டைவிரலால் அமுக்கினார். "ரெண்டு மூலை காலி. ஆனா எதிரெதிரே. இழுப்பெல்லாம் சமமாயிடும், ஒளி வர வழியில்லை. உங்க கணக்கு பொய் சொல்லலை சார்."

இன்னொரு பெட்டியை எடுத்து ஒரே பக்கத்தில் இரண்டு மூலைகளை நசுக்கிப் போர்வைமேல் வைத்தார். அது கோணிக்கொண்டு நின்றது.

"அதே பொடியில இப்படியும் இடம் இருக்கு. இதுலயும் ரெண்டு மூலைதான் காலி. ரெண்டும் ஒரே பக்கம், இழுப்பு சமமாகாது."

வேதமாணிக்கம் நீட்டியிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். தாள்களையும் ஜெசிந்தாவின் மடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். வெளியே நர்ஸ் மணியடித்தாள். அவர் எழவில்லை.

"மேடம், ஒரே பக்கமா ரெண்டு போயிட்டா, நடுவுல இருக்கறது எப்படித் தாங்கும்?"

கேட்கும்போது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவும் பெட்டியை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க விளக்கடியில பார்த்தீங்களே சார், அந்தச் சிவப்பு. அது அங்கிருந்துதான் வருது."

அந்த வாரம் ஆய்வேடு போகவில்லை. அடுத்த வாரம் ஜெசிந்தா இல்லை. வெகுகாலம் கழித்து வந்த ஆய்வேட்டில் வழிகாட்டியின் கையெழுத்து வேறொருவருடையது. கையால் வைத்த எண் அதில் எங்கும் இல்லை.