பொழுது சாயாத வெள்ளிக்கிழமை

ஒரு ஊர்ல ஒரு மாமன் இருந்தான். பேரு சங்கரலிங்கம், சரியான பயந்தாங்கொள்ளி. அவன் மெட்ராஸ்ல, அவன் தங்கச்சி கோமதி சான் பிரான்சிஸ்கோவுல. நடுவுல எவ்வளவு தூரம் தெரியுமா? லண்டன் வழியா பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேல! ம் சொல்லு.

"ம்."

கோமதியோட பாப்பாவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில வெச்சுத்தானே குத்தணும்? வெள்ளிக்கிழமை, ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். பொழுது சாயறதுக்குள்ள குத்தணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. விட்டா ஆடி பொறந்துடும். மாமனுக்கு விசா வந்தது வியாழக்கிழமை சாயங்காலம்!

அப்போ மாமன் விரலை மடக்கி எண்ணினான். வெள்ளிக்கிழமை விடிகாலை கெளம்பினா இருபத்தி நாலு மணி நேரம். சனிக்கிழமைதான் போய்ச் சேரலாம். "போச்சு கோமு, வேற யார் மடியிலயாவது வெச்சுக் குத்திடு"ன்னு போன்ல அழுதான்.

"அண்ணே, நீ மேற்கால வர்றே. சூரியனும் மேற்காலதான் வருது. பேசாம கெளம்பு!"ன்னா கோமதி.

அப்புறம் ப்ளேன்ல ஏறி உக்காந்தான். கிர்ர்ர்... உய்ய்ய்! கடல்லேர்ந்து சூரியன் எழும்புது. பத்து மணி நேரம் பறந்து லண்டன்ல இறங்கினா, அங்க இன்னும் மத்தியானம்கூட ஆகலை. ஆனா அடுத்த ப்ளேன் ஒரு மணி நேரம் லேட்டு. மாமன் மறுபடி விரலை மடக்கி எண்ணினான்.

அப்புறம்தான் குட்டி, அந்த அதிசயம். வட துருவத்துப் பக்கமா பறக்குது, கீழ பூரா பனி. வெள்ளை வெளேர்னு, ஒரு மரம் இல்ல, ஒரு வீடு இல்ல. மேல சூரியன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தான், அங்கேயே இருக்கு. மூணு மணி நேரம் கழிச்சும் அங்கேயே. சாப்பாடு வந்துது, தூங்கி எழுந்தான், மறுபடி சாப்பாடு வந்துது, மத்தியானம் முடியவே இல்ல! மாமனுக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஜன்னலைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பதினோரு மணி நேரம் பறந்தான், ஆனா லண்டன்ல ஏறின மணிக்கும் இங்க இறங்கின மணிக்கும் மூணு மணி நேரம்தான் வித்தியாசம். தூங்கிட்டியா?

"ம்ஹும். அப்புறம்?"

இறங்கினா இன்னும் வெள்ளிக்கிழமை! ஆனா பாஸ்போர்ட் பாக்கற இடத்துல அனுமார் வால் மாதிரி க்யூ. வெளிய வந்தா ரோடு பூரா கார். சூரியன் மரத்துக்கு இறங்கிடுச்சு, மதில் சுவத்துக்கு இறங்கிடுச்சு. பொட்டியைக் கார்லயே விட்டுட்டுத் தடதடன்னு ஓடினான். டிங் டாங்! சப்பணம் போட்டு உக்காந்து பாப்பாவை மடியில வாங்கினான். ஜன்னல்ல துளியூண்டு வெளிச்சம். சுருக்! சுருக்!

பாப்பா வீல்னு கத்துச்சு. அதைவிட மாமன் அழுததுதான் ஜாஸ்தி.

"அந்தப் பாப்பா நான்தானே மாமா?"

காதைத் தொட்டுப் பாரு.

"நாளைக்கு நீ அவ்வளவு தூரமா திரும்பிப் போகப் போறே?"

தூரமா? ஒரு பகல்தான்டி கண்ணு. உனக்காக நான் ஒரே பகல்ல வந்த தூரம் அது. சூரியனும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.