கீரி போட்ட சரிவுக் கல்

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு கீரி சுட்ட கிழங்குக் கடை வைத்திருந்தது. கேட்ட மாத்திரத்தில் கிழங்கு கைக்கு வந்துவிடும். அதில் கீரிக்கு ஏகப் பெருமை.

சாப்பிட வருகிறவர்கள் உட்காரக் கல் போட்டிருந்தது. எல்லாம் சரிவான கல்! உட்கார்ந்தால் வழுக்கும்.

"வசதியா உட்கார்ந்தா கதை பேசுவாங்க. அடுத்த ஆள் எப்போ சாப்பிடுறது?" என்று கண்ணடிக்கும். கெட்டிக்காரக் கீரிதான், யார் இல்லை என்றார்கள்!

குளத்துக்குக் குளம் கிளை திறந்தது. எங்கும் அதே கிழங்கு, அதே சரிவுக் கல். கரட்டுக்குளத்தில் மட்டும் வியாபாரம் படுத்துக்கொண்டது. அங்கே எதிர்க்கரையில் முள்ளம்பன்றியக்கா வெகுகாலமாகக் கிழங்கு சுட்டு விற்றுவந்தது.

கீரி கிளிகளைக் கூப்பிட்டது. "அந்தக் கடைக் கிழங்குல முள்ளு கிடக்குதுன்னு சொல்லிக்கிட்டே பறங்க!"

"நிஜமாவே கிடக்குதா?" என்று ஒரு கிளி கேட்டது.

"அது உனக்கெதுக்கு? ஆளுக்கொரு கொய்யாப்பழம்!"

கிளிகள் பறந்தன. முள்ளம்பன்றி கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டியது.

அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க, கீரி முதல் முறையாகக் கரட்டுக்குளத்துக்குக் கிளம்பியது. வழியில் கருவேல முள் பாதத்தில் ஆழமாக ஏறிவிட்டது. நொண்டி நொண்டித் தன் கிளைக்கு வந்து கல்லில் உட்கார்ந்தது. சறுக்கியது. மறுபடி ஏறியது. மறுபடி சறுக்கியது.

கடையைப் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு அதை முன்பின் பார்த்ததில்லை. "கிழங்கு வாங்கலையா? அப்போ எழுந்திருங்க! பின்னால ஆள் நிக்குது!"

"கால்ல முள்ளுப்பா. கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரமும் கிடையாது! எங்க முதலாளி சட்டம்!"

நான்தான் அந்த முதலாளி என்று சொல்லக் கீரிக்கு வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலை குனிந்தபடி எதிர்க்கரைக்குப் போனது.

"வா தம்பி, இப்படிப் படுத்துக்கோ," என்றது முள்ளம்பன்றி. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அதன் நுனியால் கருவேல முள்ளைப் பதமாக நெம்பி எடுத்தது. "என் கடையில முள்ளு இருக்குன்னு ஊரே சொல்லுது. இருக்கத்தான் செய்யுது! இந்தா, சூடா ஒரு கிழங்கு சாப்பிடு. நாளையோட கடையை மூடப்போறேன்."

கீரி கிழங்கைக் கீழே வைத்தது. "அக்கா, அந்தக் கிளிகளை ஏவிவிட்டது நான்தான்!"

முள்ளம்பன்றி எழுந்து அடுப்பை ஊதப் போய்விட்டது. அது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கீரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, விலங்குகள் தண்ணீர் குடிக்கும் துறையில் கீரி போய் நின்றது. "முள்ளுக் கதை பொய்! கட்டிவிட்டது சரிவுக் கல் கடை முதலாளி நான்தான்!" என்று கத்தியது. மான்கள் சிரித்தன. அதன் கடைக் குரங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது. காது மடல்வரை சுட்டது கீரிக்கு. ஆனாலும் கடைசி விலங்கு வந்து கேட்டுப் போகும்வரை அது கத்துவதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்க்கரை அடுப்பைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. கீரி அந்தப் பக்கம் போகக் கூசி, தன் கடைச் சரிவுக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் கடையைக் கெடுத்துத் தன் கடையை வளர்ப்பவருக்கு, ஆபத்தில் உட்காரத் தன் கடையிலேயே இடம் இருக்காது.