இரண்டாம் நம்பர் டோக்கன்

வேளச்சேரியில் ஒரு மாடியறையில் ஃபர்ஹானா ஜாவா கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. மாணவர் நாகலிங்கத்துக்கு முப்பத்தாறு. கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் பதினொரு வருடம் உட்கார்ந்தவர், இனி மென்பொருள் வேலைதான் என்று கிளம்பியிருந்தார். வீட்டில் இன்னும் யாரும் அதை நம்பவில்லை.

அன்று மாலைக்குள் ஒரு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்ப வேண்டும். தாளை நீட்டினார். ‘அனுபவம்: மூன்று வருடம்’ என்றிருந்தது. வேலையே பார்க்காதவர்களுக்கும் அப்படிப் பொய் அனுபவக் கடிதம் தயாரித்துத் தர ஒரு கன்சல்டன்சி இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் அங்கே போய் வந்தவர்கள். ஊரோடு ஒத்துப்போவோம் என்று இவரும் போய்விட்டார். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

“இப்படிப் போடலாமா மேடம்?”

ஃபர்ஹானா நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

“மூணு வருஷம் வேலை பார்த்ததா போட்டிருக்கீங்களே, அந்தக் கம்பெனியில மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?”

“கேன்டீன்ல.”

“பக்கத்துல யார் உட்காருவாங்க?”

நாகலிங்கம் கடினமான கேள்விகளுக்கெல்லாம் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தார், பாவம். இது அதில் இல்லை.

“சரி, விடுங்க. ஆஸ்பத்திரிக்கு டோக்கன் புரோகிராம் எழுதினீங்களே, அது என்னாச்சு?”

“அதை ஏன் கேக்குறீங்க!” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “முதல் நாளே மானம் போச்சு. நம்பரை நம்பரா வைக்காம எழுத்தா வச்சுட்டேன். கம்ப்யூட்டர் அகராதி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கிடுச்சு. ஒண்ணுக்கு அடுத்து பத்தைக் கூப்பிடுது, அப்புறம் பதினொண்ணு! ரெண்டாம் நம்பர் ஒரு லாரி டிரைவர். கண்ணுல மருந்து விட்டுட்டு ரெண்டு மணி நேரம் காத்திருந்தார். ‘உங்க ஊர்ல ரெண்டு எப்பய்யா வரும்?’னு சத்தம் போட்டார். சாப்பிடக்கூடப் போகாம சரி பண்ணினேன். எட்டு மாசமாச்சு, இதுவரைக்கும் ஒரு நம்பர் தப்பலை.”

சொல்லி முடித்துச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்து ‘மூன்று வருடம்’ என்பதை அடித்தார். நெஞ்சு லேசானது. கூடவே பயமும் வந்தது.

“இனி என்னைக் கூப்பிடுவாங்களா மேடம்?”

“கூப்பிடாமலும் போகலாம்.”

அவர் தாளையே பார்த்தார். ‘அனுபவம்’ என்ற சொல்லுக்கு எதிரே இப்போது ஒன்றுமில்லை.

“அப்ப இங்க என்னத்தை எழுத?”

“அந்த டிரைவர் உங்களைத் திட்டினாரே, அதை எழுதுங்க சார்.”