டீ தீர்ற வரைக்கும்

மணி மூணு அடிக்க ஒரு நிமிஷம்கூட இல்ல. அப்பத்தான் இசக்கியப்பன் தன் முன்னாடி படுத்துக்கிடந்த பெயர்ப்பலகையை எடுத்து நிமித்தி வச்சான்.

அவ்வளவுதான். எல்லாம் போச்சு.

கோத்தகிரியில தேயிலைச் சரிவுக்கு நடுவுல இருக்கற பயிற்சி மையம் அது. பல நாட்டு இளசுங்க வந்து, நாடுகள் ஒண்ணா உக்காந்து உலகத்துச் சிக்கலைப் பேசித் தீக்கறது எப்படின்னு கத்துக்கற இடம். அங்க பேசணும்னா கை தூக்கக் கூடாது, பலகையை நிமித்தணும். இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி வரைவைப் படிச்சிட்டு, தலைமையில இருக்கறவங்க ஒரு நேரம் சொல்லுவாங்க. அந்த நேரத்துக்குள்ள ஒரு பலகையும் நிமிரலன்னா எல்லாருக்கும் சம்மதம். ஓட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. சும்மா இருந்தாலே போதும்.

இவங்களுக்குக் குடுத்த பயிற்சி ஒரு கற்பனை ஆறு. அதைப் பங்கு போட்டுக்க வேண்டிய சில கற்பனை நாடுகள். சீட்டு குலுக்கிப் போட்டதுல மலைநாடு எஃபுவா கைக்கு வந்துச்சு. கடைமடை நாடு இசக்கிக்கு. எஃபுவா கானாவுல இருந்து வந்தவ. ஒப்பந்த வரைவு மொத்தமும் அவ எழுதினது. ஒவ்வொரு நாட்டுக்காரனையும் தனித்தனியா உக்கார வச்சுப் பேசி, ஒருத்தன்கிட்ட கெஞ்சி, ஒருத்தன்கிட்ட சண்டை போட்டு, எப்படியோ மூணு மணி வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டா. சமையக்கட்டுல போஜண்ணன் கேசரிகூட கிண்டி வச்சிட்டாரு.

இசக்கி எழுந்தான். வரைவோட ஏழாவது பத்தியைப் படிச்சான். மழை பொய்ச்ச வருஷத்துல மேல இருக்கற நாடுகள் குடிக்க எடுத்தது போக மிச்சம் கடைமடைக்குன்னு அதுல இருந்துச்சு.

"மிச்சமே இல்லன்னா?" அப்படின்னு கேட்டுட்டு உக்காந்துட்டான்.

உடனே ஆத்துக்கு நடுவுல இருக்கற இடைநாட்டுக்காரன் பலகை நிமிந்துச்சு. அவன் ஏற்கெனவே மனசில்லாம விட்டுக்குடுத்தவன். இவன் கேக்கலாம்னா நான் கேக்கக் கூடாதான்னு ஆரம்பிச்சான். அவனைப் பாத்து இன்னொருத்தன். சாயங்காலம் ஆகறதுக்குள்ள வரைவுல முழுசா ஒரு பக்கம்கூட மிஞ்சல. கேசரி ஆறி, மேல நெய் வெள்ளையா உறைஞ்சு போச்சு.

இசக்கிக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே ஜில்லுன்னு இருந்துச்சு.

ஏன்னா எஃபுவாவை அவனால தாங்க முடியல. வந்த முதல் வாரமே "சாப்டாச்சா அண்ணா"ன்னு கத்துக்கிட்டு, போஜண்ணன்கிட்ட தினமும் ரெண்டாவது ஆம்லெட் வாங்கினா. இவன் பச்சைத் தமிழ்ல கேட்டா, தீந்துடுச்சு தம்பின்னு பதில் வரும். மத்த வெளிநாட்டுப் பசங்க எல்லாம் இவனை ஐசக்னு கூப்பிட்டுக்கிட்டிருக்க, அவ மட்டும் "இசக்கியப்பன்"னு ஒரு எழுத்து விடாம கூப்பிடுவா. அதுகூட எரிஞ்சுது. பேரைத் தப்பா சொல்றவன் மேல கோவப்பட்டுட்டுப் போயிடலாம். சரியா சொல்றவ மேல எப்படிக் கோவப்படறது?

எல்லாத்துக்கும் மேல சபூராக்கா.

சபூராக்காதான் பயிற்சி குடுக்கறவங்க. கீழக்கரைக்காரங்க. நாப்பதுகூட ஆகல. நிஜமான மாநாடுகள்ல வருஷக்கணக்கா உக்காந்து எழுந்தவங்க. அடுத்த மாசம் ஜெனீவாவுல ஆத்துத் தண்ணி பத்தி ஒரு நிஜப் பேச்சுவார்த்தை. உதவிக்கு இந்தக் கூட்டத்துல இருந்து ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தாங்க. அம்பாசமுத்திரத்துல இசக்கியோட அம்மா அன்னைக்கே ஸ்வெட்டர் வாங்கிட்டாங்க. ஆனா சபூராக்கா எஃபுவாவோட வரைவைப் படிக்கும்போது, அவங்களை அறியாமலே தலை ஆடும். இசக்கி எழுதினதைப் படிக்கும்போது தலை ஆடாது. பேனா ஆடும்.

இப்ப அந்த வரைவு கிழிஞ்சு கிடக்கு. கிழிச்சது இவன். அதுவும் நியாயமான கேள்வியால.

கேசரித் தட்டை எடுத்துக்கிட்டு ஒரு ஓரமா நின்னான். எஃபுவா நேரா அவன்கிட்ட வந்தா. திட்டப் போறான்னு நினைச்சான். திட்டினா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

நீ சொன்னது சரி, நான் எப்படி அதைக் கவனிக்காம விட்டேன்னு தெரியலன்னு அவ சொன்னா. கண்ணு சிவந்திருந்துச்சு. ஒரு ஊர் முழுக்கக் குடிக்கத் தண்ணி இல்லாம போயிருக்குமே, நல்லவேளை நீ இருந்தியேன்னா. அப்புறம் அவளாவே இன்னொண்ணும் சொன்னா. அன்னைக்கு மத்தியானம் நான் உங்கிட்ட இந்த வரைவைக் காட்டினேன்ல, சாப்பாட்டு அவசரத்துல நீ சரியா பாத்திருக்க மாட்டே, அந்த நேரத்துல உங்கிட்ட நீட்டினது என் தப்புதான்.

சொல்லிட்டு, பேனாவும் பேப்பருமா மறுபடி எழுத உக்காந்துட்டா.

இசக்கி வாய்ல இருந்த கேசரி அப்படியே நின்னுச்சு.

காட்டினா. ஆமா, போன வாரம் சாப்பாட்டு மேசையில, ரசம் ஊத்திக்கிட்டு இருக்கும்போது காட்டினா. நீ ஆத்துப் பாசன ஊர்க்காரன், வாய்க்கால் கடைசியில வயல் வச்சிருக்கற வீடு, உனக்குத்தான் இது புரியும், எங்கேயாவது உறுத்துதா பாத்துச் சொல்லுன்னு கேட்டா. இசக்கி பாத்தான். ஏழாவது பத்தி கண்ணுல பட்ட உடனே உறுத்துச்சு. "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டு அப்பளம் எடுத்துக்கிட்டான்.

அதை அவன் பத்திரமா வச்சிருந்தான். மூணு மணிக்காக.

வெளிச்சம் இன்னும் போகல. ஹால்ல சபூராக்கா மட்டும் உக்காந்திருந்தாங்க. மேசை மேல பலகைங்க எல்லாம் படுத்துக்கிடந்துச்சு. இசக்கி உள்ள போனான்.

"அக்கா, நான் கேட்டது தப்பா?"

"இல்ல. சரியான கேள்வி."

"எல்லாரும் என்னையே முறைக்கறாங்க."

"முறைப்பாங்க. கேசரி போச்சுல்ல."

அவனுக்குச் சிரிப்பு வரல. கேக்க வந்ததை எப்படியாவது கேட்டுடணும்னு தொண்டையைச் செருமிக்கிட்டான்.

"ஜெனீவாவுக்கு யாருக்கா?"

சபூராக்கா எட்டிப் பாத்து, போஜண்ணே ரெண்டு டீன்னு குரல் குடுத்தாங்க. டீ வந்துச்சு. இசக்கியை அவனோட இடத்துலயே உக்காரச் சொன்னாங்க. அவங்க போய்த் தலைமை நாற்காலியில உக்காந்தாங்க. கிளாஸை முன்னாடி வச்சிக்கிட்டாங்க.

"ஒரு வரைவு வைக்கிறேன். கேட்டுக்கோங்க" அப்படின்னாங்க. சபையில பேசற குரல் அது. சபையில இருந்தா அவனையும் நீங்க, வாங்கன்னுதான் பேசுவாங்க.

"கடைமடை நாட்டுப் பிரதிநிதி இசக்கியப்பன், ஏழாவது பத்தியில இருந்த ஓட்டையை இன்னைக்கு மதியம்தான் முதல் தடவையா பாத்தாரு. பாத்த உடனே சொன்னாரு. அதனால ஜெனீவாவுக்கு அவர் வர்றாரு."

இசக்கிக்குக் காது ரெண்டும் சூடாச்சு.

"நேரம், இந்த டீ தீர்ற வரைக்கும். பலகை நிமிரலன்னா நிறைவேறியாச்சு."

ஒரு வாய் குடிச்சாங்க.

ஜெனீவா. அவன் சும்மா இருந்தா போதும். பொய் சொல்லக்கூட வேண்டாம். வாயே திறக்க வேண்டாம். அம்மா வாங்கின ஸ்வெட்டர் பச்சைக் கலரு, போட்டோ அனுப்பியிருந்தாங்க. இங்க உக்காந்துக்கிட்டு, ஜன்னல்ல தெரியற தேயிலையைப் பாத்துக்கிட்டு, தன் டீயைக் குடிச்சா முடிஞ்சுது.

அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? மூஞ்சியைப் பாத்தான். அவங்க அவனைப் பாக்கல. டீ மேல படிஞ்ச பாலாடையை விரலால ஓரமா தள்ளிக்கிட்டு இருந்தாங்க.

ரெண்டாவது வாய்.

"அக்கா, அந்த 'பாத்த உடனே'ங்கற வார்த்தை அங்க தேவையா? அது இல்லாமலே வாக்கியம் நல்லாத்தான இருக்கு."

"பலகை நிமிராம பேச முடியாது."

"இல்லக்கா, ஆட்சேபம் எல்லாம் இல்ல. சும்மா ஒரு யோசனையா..."

"யோசனைக்கும் பலகைதான்."

அவன் தன் டீயை எடுத்துக்கிட்டான்.

வெளிய சமையக்கட்டுப் பக்கம் எஃபுவாவோட குரல் கேட்டுச்சு. இடைநாட்டுக்காரனையும் இன்னும் ரெண்டு பேரையும் பிடிச்சு உக்கார வச்சு, ஏழாவது பத்தியை மறுபடி எழுதிக்கிட்டு இருக்கா. நடுவுல போஜண்ணன்கிட்ட ஏதோ தமிழ்ல சொல்லி, அவர் விழுந்து விழுந்து சிரிக்கறாரு. அழுதுட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள சிரிக்க வைக்கறா. இசக்கிக்கு மறுபடி வயிறு எரிஞ்சுது. சும்மாவே இருந்துடலாம்னு முடிவு பண்ணினான். அவ திறமைக்கு இன்னொரு ஜெனீவா கிடைக்கும். நமக்கு யாரு குடுப்பா?

மூணாவது வாய். கிளாஸ் பாதிக்குக் கீழ போயிருந்துச்சு.

அப்ப அவனுக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. ஒரு வருஷம் நட்ட நாத்து காயுது, தண்ணியைக் காணோம். அப்பா மடை மடையா மேல ஏறிப் போயிட்டு, பொழுது சாயத்தான் திரும்பி வந்தாரு. மேல ஷட்டரை அடைச்சு ரெண்டு நாளாச்சாம். பக்கத்து வயக்காரருக்கு அது முன்னாடியே தெரியும். தினம் வரப்புல நின்னு பேசிட்டுப் போற மனுஷன், அதை மட்டும் சொல்லல. அப்பா அவரைத் திட்டல. சண்டைக்கும் போகல. அதுக்கப்புறம் அந்த வரப்பு வழியா நடக்கறதை மட்டும் விட்டுட்டாரு.

சபூராக்கா கிளாஸை எடுத்தாங்க.

அவன் இடத்துல எஃபுவா இருந்தா இந்நேரம் பலகையை நிமித்தியிருப்பா. யோசிச்சிருக்கவே மாட்டா. வரைவைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள, இருங்க இருங்க அது தப்புன்னு நிமித்தியிருப்பா. அவளுக்கு அது அவ்வளவு லேசு.

அதுக்கும் பொறாமையா இருந்துச்சு. இதுவரைக்கும் பட்ட பொறாமை எல்லாம் ஒண்ணுமே இல்லங்கற மாதிரி இருந்துச்சு.

கிளாஸ் உதட்டுக்குப் போச்சு.

இசக்கி பலகையை நிமித்தினான். அவசரத்துல அது விழுந்துடுச்சு. மறுபடி எடுத்து நிமித்தி, விழாம பிடிச்சுக்கிட்டான்.

சபூராக்கா பலகையைப் பாத்தாங்க. அதுல கடைமடை நாடுன்னு எழுதியிருந்துச்சு.

"நாடு பேசுதா, இசக்கி பேசறியா?"

"இசக்கிதான் அக்கா."

ரசம், அப்பளம், சூப்பரா இருக்கு, இதுல எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு பாத்தான். வெளிய மறுபடி அந்தச் சிரிப்பு.

சபூராக்கா கிளாஸைக் கீழ வச்சாங்க.

"இன்னும் ஒரு வாய் மிச்சம் இருக்கு. மெதுவா சொல்லு."

இதைப் படிக்கற உங்க முன்னாடியும் இப்படி ஒரு டீ ஆறிக்கிட்டு இருந்திருக்கா?